ஏற்றத்தில் எடுத்த கொடுவா

எங்கள் தெருமுனையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் ஆட்டுத் தலையும் காலும் வாட்டித் தருகிறார். முன்பெல்லாம் இதற்கு விறகு நெருப்பு வேண்டும். இப்போது கேஸ் சிலிண்டரில் ஒரு குழாயைச் செருகி, உஸ்ஸென்று நீலத் தீயைப் பாய்ச்சுகிறார். முடி பொசுங்கும் வாடை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். திண்டுக்கல்லில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை பட்டால் பசியெடுக்கும். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். வயதான காலத்தில் மாமியார் சைவத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறாள் என்று என் மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லை. மத்தியானம் குழம்பு இலைக்கு வந்தால் இரண்டு தடவை வாங்கிக்கொள்கிறவள்தான் நான். அந்த வாடை மட்டும்தான் ஆகாது. ஒரு காலத்தில் ஆட்டுமுடியைக் கொத்துக்கொத்தாக நெருப்பில் போட்டவள் நான். ஏன் போட்டேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. ஊருக்கு வெளியே, சிறுமலை நன்றாகத் தெரிகிற இடத்தில் காசநோய்க்காரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை, பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா அங்கே உதவி நர்ஸ் வேலைக்குச் சேர்த்துவிட்டார். மாதா கோயிலில் யாரோ சிபாரிசு செய்தார்கள். எனக்கு இருபத்தொரு வயது. சேவை மனப்பான்மை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு கட்டிலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். நீளமான வார்டு அது. பாதி தூரத்திலேயே மூச்சு முட்டி, இருமுகிற ஆள் பக்கத்தில் நின்று ஆவென்று இழுப்பேன். நோயாளிகளுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு வரும். ஆயா மூக்கம்மாதான் அந்தப் பழக்கத்தை விடவைத்தாள். மூச்சை அடக்கியே நான் செத்துப்போனால் அதற்கும் சேர்த்து அவள்தான் கூட்டிப்பெருக்க வேண்டும் என்றாள்.

இன்னாசி அண்ணன் அங்கே வந்து சேர்ந்தது பொங்கல் கழித்து. தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். கடல்காற்றை விட்டுக் காய்ந்த காற்றுள்ள ஊருக்குப் போனால் தேறலாம் என்று அவர்கள் ஊர்ச் சர்ச்சின் பங்குச் சாமியார் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். கட்டிலில் படுக்கவைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, கடல் இங்கிருந்து எந்தப் பக்கம் என்பது. எனக்குத் தெரியவில்லை. மூக்கம்மா குத்துமதிப்பாகக் கிழக்கே கையைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கமாகத் தலையணையை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

ஊசியும் மாத்திரையும் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதுதான் பெரிய வைத்தியமாக இருந்தது. அவருக்கு உடம்பு கிடந்தாலும் கை கிடக்காது. போர்வை நூலைப் பிரித்து முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார். ஒரு நாள் என்னிடம் கொஞ்சம் வெள்ளாட்டு முடி கிடைக்குமா என்று கேட்டார். கைமருந்து ஏதோ செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

ஆட்டுமுடிக்குத் திண்டுக்கல்லில் என்ன குறை? மூக்கம்மாவின் புருஷன் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். மறுநாளே ஒரு பொட்டலம் வந்தது. இன்னாசி அண்ணன் ஒரு முடியை எடுத்து வளைத்துப் பார்த்தார், முறிந்தது. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து எடுத்ததாம். சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகுமுன் வாலிலிருந்து வெட்டிய முடி வேண்டும், தூண்டிலில் மாட்டுகிற பொய்மீன் கட்டத்தான், அடிவயிற்றுக்கு வெள்ளை, முதுகுக்குக் கறுப்பு என்றார். மூக்கம்மா முணுமுணுத்துக்கொண்டே அதையும் கொண்டுவந்து கொடுத்தாள். “அம்புட்டுத் தோலு குமிஞ்சு கெடக்கு, நாலு முடிக்கா பஞ்சம்” என்றாள்.

மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பூட்டுத் தொழிலாளி. சாவியைப் பிடித்து அரம் போடுகிற சின்னக் கை இடுக்கி ஒன்றைத் தன் வீட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் சின்னாளப்பட்டிச் சேலை வாங்கி விற்கிற ஒரு அக்கா இருந்தாள். அவளிடம் துண்டு ஜரிகை வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுச் சேவல், கழுத்து இறகைத் தந்தது. தூண்டில் முள் மட்டும் அவருடைய தம்பி பார்க்க வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்தது.

அவர் கட்டிய முதல் மீனை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள்ளை இடுக்கியில் பிடித்து, தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி, அடியில் வெள்ளை முடி, பக்கத்துக்கு ஒரு இழை ஜரிகை, மேலே கறுப்பு முடி மெல்லிசாக வைத்துக் கட்டினார். தலைப்பக்கம் நூல் அவிழாதபடி ஒரு சொட்டு வார்னிஷ். கடைசியில் இரண்டு பக்கமும் கடுகு போன்ற கறுப்புப் பாசிமணி. விரல் நீளத்துக்கு ஒரு நெத்திலி. கண்ணுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

“பெரிய மீனு தலையப் பாத்துத்தான் முழுங்கும், நர்சம்மா. கண்ணு இல்லேன்னா நம்பாது” என்றார்.

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் ஆற்றுவாய்க்குள் புகுந்து மேலே வரும். அதை ஏற்றம் என்பார்கள். அதோடு மடவைக் குஞ்சுகள் கூட்டமாக வரும். கொடுவா என்கிற பெரிய மீன் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து அவற்றைப் பிடிக்கும். தண்ணீர் திரும்பக் கடலுக்கு இறங்குவது வற்றம். உயிர்க்குஞ்சை முள்ளில் குத்தினால் வெயிலில் அரைமணியில் செத்துப்போகும். கட்டின மீன் சாகாது. அவருடைய அப்பா, துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் தவறவிட்ட பொய்மீன் ஒன்றைப் பொறுக்கிவந்து, இழை இழையாகப் பிரித்துப் பார்த்து இந்த வித்தையைக் கண்டுபிடித்தாராம். அவர்கள் ஊரில் வேறு யாருக்கும் இது கைவரவில்லையாம். நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன். அது மீன் மாதிரி இல்லை, பல் தேய்த்துத் தூக்கியெறிந்த வேப்பங்குச்சி மாதிரி இருந்தது.

சாயங்காலங்களில், நடக்க அனுமதி பெற்றவர்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்வார்கள். இன்னாசி அண்ணன் புது மீனை நூலில் கட்டித் தொட்டியில் விட்டு இழுப்பார். நனைந்ததும் முடியெல்லாம் ஒட்டி மெலியும், இழுப்பை நிறுத்தினால் விரியும், மறுபடி மெலியும். மூச்சு விடுவதுபோல இருக்கும். மூச்சுக்காகவே அங்கே வந்து கிடந்தவர்கள் அதைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். கடலையே பார்த்திராத சனங்கள். நெய்க்காரப்பட்டிக் குடியானவர் ஒருவர், “ஏனுங்க, இது நெசமாலுமே நீந்துதுங்க” என்று குனிந்தவர் நிமிரவே இல்லை.

இதற்குள் நான் அவருக்குத் தங்கச்சி ஆகியிருந்தேன். அவருக்கு எழுதப் படிக்க வராது. அவர் மனைவி ரீத்தம்மா, கோயில் உபதேசியாரைக் கொண்டு எழுதி அனுப்பும் கார்டை மாதம் ஒரு முறை நான்தான் வாசித்துக் காட்டுவேன். நாலே வரி. இங்கு யாவரும் சுகம், பிள்ளைகள் சுகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், ஜெபிக்கிறோம். தம்பி ஆடி மாதத்துக்குப் பிறகு வரவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் அவர் பிஸ்கட் டப்பா ஒன்றை என்னிடம் நீட்டினார். உள்ளே பஞ்சு விரித்து, வரிசை வரிசையாக மீன்கள். நெத்திலி, மடவைக் குஞ்சு, சூடை. ஆறு மாத வேலை. மழைக்காலத்தில் வள்ளம் கடலுக்குப் போகாது. ஆற்றுவாயில் கரையில் நின்றே கொடுவா பிடிக்கலாம். தம்பியிடம் இது போய்ச் சேர்ந்தால் போதும் என்றார்.

“இத மட்டும் அனுப்பி வச்சிரு தங்கச்சி. எம்வீட்டுல அடுப்பு எரியும்” என்றார்.

சரி என்று வாங்கிக்கொண்டேன்.

வார்டிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். புத்தகம், சீட்டுக்கட்டு, தலையணை எல்லாம் கடைசியில் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குழியில் எரிந்துதான் போகும். டப்பாவைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம், என் தங்கைக்கு எட்டு வயது. தபாலில் போடப் பயம். அவர் எச்சில் தொட்டு நூல் முறுக்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே அவருடைய பிள்ளைகள் அதை எடுத்து விளையாடினால்? வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டால் டப்பா எப்படி என் கைக்கு வந்தது என்று திட்டுவாரே என்றுதான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் குழியில் கொட்டி எரித்தேன். முடி சுருண்டு பொசுங்கியது. ஜரிகை கொஞ்ச நேரம் சிவந்து கிடந்தது. ஆறிய பிறகு முட்களைக் குச்சியால் தள்ளி மண்ணில் புதைத்தேன்.

அவரிடம் அனுப்பிவிட்டேன் என்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு வீட்டு நினைப்பு அதிகமானது. பங்குச் சாமியாருக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னார். மழைக்காலம் முடியும்வரை தன் குடும்பத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க நினைத்தார். யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனுஷன், சொல்லவே கூசிக் கூசிச் சொன்னார். நான் கார்டை எடுத்துக்கொண்டு உட்காரவும் அன்றைய தபால் வரவும் சரியாக இருந்தது. ரீத்தம்மாவின் கார்டு. யாவரும் சுகம், பிள்ளைகள் சுகம். டப்பாவைப் பற்றி எப்படி இருக்கும்?

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்துக்கொண்டே போய், இல்லாத ஒரு வரியையும் வாசித்துவிட்டேன். டப்பா வந்து சேர்ந்தது, தம்பி ஆற்றுவாயில் ஒரு கொடுவா பிடித்தான் என்று.

“ஏத்தத்துலயா, வத்தத்துலயா?” என்றார்.

ஏற்றத்தில் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அப்படித்தான் எடுக்கும் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். பிறகு, “அப்பச் சாமியாருக்கு வேண்டாம் தங்கச்சி. அவருக்கு இதைவிடக் கஷ்டப்பட்ட குடும்பம் எம்புட்டோ இருக்கும்” என்றார்.

எழுதாத அந்தக் கார்டு என்னிடமே தங்கிவிட்டது. நிலக்கோட்டையில் இருந்த என் பெரியம்மா மகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதி அதைத் தீர்த்தேன்.

அதன்பிறகு மாதாமாதம் மீன் பிடிக்க வேண்டியதாயிற்று. கார்த்திகையில் இரண்டு கொடுவா, ஒரு பாறை மீன். மார்கழியில் ஒரு பெரிய கொடுவா முள்ளோடு அறுத்துக்கொண்டு போனது. எல்லாமே கிடைத்தால் நம்பமாட்டாரே என்று நானே யோசித்துச் சேர்த்தது அது. எந்த மாதம் எந்த மீன் வரும் என்று அவரிடமே நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த மாதம் அவருக்கே வாசிப்பேன். அவருக்கு எடை கூடியது, இருமல் தணிந்தது. மருந்துதான் காரணம் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது நான் வாசித்ததும் ஒரு காரணம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மார்கழிக் கடைசியில் டாக்டர் புது நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்தார். போகிறபோக்கில் சொன்னார்: இந்தக் கிருமிக்கு வெயில் ஆகாது, சாமான்களைக் கொளுத்தும் வெயிலில் சில நாள் நன்றாகக் காயவைத்தாலே போதும். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பென்சில் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

அதற்குள் இரண்டாவது டப்பா பாதி நிறைந்திருந்தது. தை மாதம் அதை வாங்கி, டாக்டரிடம் நேராகவே போய்க் கேட்டேன். அவர் திட்டவில்லை. மொட்டைமாடியில் பத்து நாள் காயவைத்து அனுப்பு என்றார், அவ்வளவுதான். அனுப்பினேன். ரீத்தம்மாவிடமிருந்து பதில் வந்தது, டப்பா கிடைத்தது என்று. அந்த மாதம் நான் ஒன்றும் சேர்க்காமல் உள்ளதை மட்டும் வாசித்தேன். அவர் காத்திருந்துவிட்டு, “மீனப் பத்தி ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டார்.

ஆனியில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தது. வந்தார். சலவைச் சட்டை, கன்னத்தில் சதை, கையில் எனக்காக ஒரு பொட்டலம் கருவாடு. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மொதப் பொட்டி வரவே இல்லையாமே தங்கச்சி” என்றார்.

எரித்துவிட்டேன் என்று சொன்னேன். எப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றும் தெரியவில்லை.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்ணே.”

“முள்ளு?”

“மண்ணுல பொதச்சிட்டேன்.”

அவர் லேசாகச் சிரித்து, “அப்ப அந்தக் கொடுவா, பாறை எல்லாம் நீ புடிச்சதுதானா?” என்றார். நான் அழுதுவிட்டேன். சிரிப்பு போய்விட்டது அவருக்கு.

பெஞ்சிலிருந்து எழாமல், குரலை உயர்த்தாமல், நடந்ததைச் சொன்னார். தம்பி போன வருஷம் ஆடியிலேயே வேலை தேடி வேறு ஊர் போய்விட்டான். ஐப்பசி மழையில் வீட்டில் ஒன்றும் இல்லை. ரீத்தம்மா மூத்த மகளைத் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. படுத்திருக்கிற மனுஷனுக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் அதைக் கார்டில் எழுதச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் பிறகு மெட்ராசுக்கு மாற்றலாகிப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“எனக்குத் தெரிஞ்சிருந்தாச் சாமியாருக்கு எழுதச் சொல்லியிருப்பேன்” என்றார். அவ்வளவுதான். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கருவாட்டுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நிலக்கோட்டைக்குப் போனேன். அறுபதுகளின் நடுவில், என் வீட்டுக்காரருடைய உறவு விசேஷத்துக்குத் தூத்துக்குடி போகும்படி நேர்ந்தது. ஒரு பகல் சும்மா இருந்தது. விசாரித்துக்கொண்டு அந்த ஊருக்குப் பஸ் ஏறினோம். ஓலை வேய்ந்த வீடு. ரீத்தம்மா நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். இன்னாசி அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நோய் திரும்ப வந்திருக்கிறது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்திருக்கிறார்.

நான் இன்னார் என்று தெரிந்ததும் அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தங்கச்சி என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடுங்காப்பி போட்டாள், எங்கிருந்தோ முறுக்கு வாங்கிவந்தாள்.

“நீங்க அம்புட்டுக் கஷ்டப்பட்டு அனுப்புன மொதப் பொட்டிய தபால்ல தொலச்சுப்புட்டானுவ. அவுகதான் சொன்னாக. போஸ்டாபீசுல போயி நான் சண்டை போட்டேன்” என்றாள்.

நான் எரித்ததை அவர் இவளிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தபால் இலாகாவைப் பற்றி ஏதோ சொல்ல, அவளும் ஆமாம் என்று சொன்னாள். பேச்சு அப்படியே நகர்ந்துவிட்டது.

மூத்தவளைப் பற்றி அவளே சொன்னாள். மெட்ராசில் இருக்கிறாள், அப்பா செத்தபோது வந்தாள். “வந்து பாத்தா. மறுநாளே போயிட்டா. எங்ககூட அவளுக்கு ஒட்டல” என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஆற்றுவாய் வரை நடந்தோம். தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அது ஏற்றமா என்று வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கரையோரம் விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பித் திரும்பி மினுங்கின. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நடுவில் ஒரு இழை பளபளப்பு. இன்னாசி அண்ணன் ஒன்றையும் கூட்டியும் கட்டவில்லை, குறைத்தும் கட்டவில்லை. என் வீட்டுக்காரர், ஏன் அழுகிறாய், அவருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயே என்றார்.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. கட்டடத்தை இடித்து மனை போட்டுவிட்டார்கள், தொட்டி இருந்த இடத்தில் யாரோ மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். மூக்கம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் புருஷன் வேலை பார்த்த தோல் ஷாப் மூடி எத்தனையோ வருஷமாயிற்று. ஒருவருக்கு வந்த கார்டை இன்னொருவர் வாசித்துக் காட்டுவது என்றால் என் பேரனுக்குப் புரியாது. ரீத்தம்மா இருந்தால் நூறை நெருங்குவாள், இருக்கமாட்டாள். இந்த விஷயம் தெரிந்தவர் இருவர்தான். அவர் போய்விட்டார். உண்மையைக் கேட்க உரிமையுள்ள ஒருத்தி மட்டும் சென்னையில் எங்கோ இருக்கக்கூடும். இன்றைக்கு அவளுக்கும் எழுபதுக்கு மேல் ஆகியிருக்கும். தேடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கார்டுகளில் ‘பிள்ளைகள்’ என்றுதான் இருக்கும். அவர் ‘மூத்தவ’ என்பார், ரீத்தம்மாவும் அப்படியேதான் சொன்னாள். அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்தேன். மூத்தவள் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.